தாக்கல் செய்த வருமான வரிக் கணக்கில் பிழை இருந்தால் திருத்துவது எப்படி

வருமான வரிக் கணக்கை, அதாவது ரிட்டர்னை, தாக்கல் செய்த பிறகு அதில் பிழை இருப்பதைக் கண்டவர்கள் பெரும்பாலும் வருமான வரித் துறையின் போர்ட்டலில் 'திருத்து' என்று ஏதாவது ஒரு பொத்தான் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுகிறார்கள். எல்லாப் பிழைகளுக்கும் பொருந்தும் அப்படி ஒரே பொத்தான் இல்லை. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் திருத்தத்துக்குப் பல வழிகளைத் தனித்தனிப் பிரிவுகளில் வைத்திருக்கிறது. எந்த வழியில் போக வேண்டும் என்பதை இரண்டு கேள்விகள் முடிவு செய்கின்றன. உங்கள் கணக்கு இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது முதல் கேள்வி. பிழை உங்களுடையதா, உங்கள் வரியைப் பிடித்தவருடையதா, கணக்கைப் பரிசீலித்த துறையுடையதா என்பது இரண்டாவது. இவற்றுக்கு விடை தெரியாமல் அவசரப்பட்டு விண்ணப்பிப்பவர்கள், வட்டி வருமானத்தைச் சேர்க்க மறந்துவிட்டு அதற்கு, வெளிப்படையான தவறுகளுக்கு மட்டுமே உரிய 154ஆம் பிரிவில் மனுப்போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதும், அது தள்ளுபடியாகும்போது சரியான வழிக்குரிய கெடு முடிந்திருப்பதும் வழக்கமாக நடப்பவை.

இக்கட்டுரை சம்பளம், ஓய்வூதியம், வட்டி, வாடகை, பங்கு விற்பனை போன்ற வருமானம் உள்ள தனிநபர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. எடுத்துக்காட்டுகள் 2024-25 நிதியாண்டின் வருமானத்துக்கு, அதாவது 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கு உரியவை. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது என்றாலும், அதற்கு முந்தைய நிதியாண்டுகளின் கணக்குகளுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால், இங்கே சொல்லப்படும் பிரிவு எண்கள் எல்லாம் பழைய சட்டத்தின் எண்களே.

முதலில் பிழையை உறுதி செய்துகொள்ளுங்கள்

எதையும் தொடுவதற்கு முன், தாக்கல் செய்த படிவத்தின் நகலைப் போர்ட்டலிலிருந்து இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அதனுடன் சம்பளத்தில் பிடித்த வரிக்கு நிறுவனம் தரும் படிவம் 16, வட்டியில் பிடித்த வரிக்கு வங்கிகள் கொடுத்த படிவம் 16ஏ, உங்கள் பெயரில் வரவான வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ், ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ் ஆகியவற்றையும் எடுத்து, வருமானத் தலைப்பு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். சேமிப்புக் கணக்கு வட்டி, வைப்புத்தொகை வட்டி, பங்காதாயம், வருமான வரி ரீஃபண்டுடன் சேர்ந்து வந்த வட்டி ஆகியவைதான் அதிகம் விடுபடுபவை. ஆண்டின் நடுவே வேலை மாறியவர்கள் பழைய நிறுவனத்தின் படிவம் 16ஐச் சேர்க்காமல் விடுவதும், இரண்டு நிறுவனங்களும் தனித்தனியே சம்பளத்துக்கான நிலைக்கழிவை (ஸ்டாண்டர்டு டிடக்ஷன்) கொடுத்திருப்பதால் வரி குறைவாகப் பிடிக்கப்பட்டிருப்பதும் அடிக்கடி காணப்படுவதே.

பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் விற்றவர்கள் 2025-26 மதிப்பீட்டு ஆண்டில் ஒரு தேதியைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 2024 ஜூலை 23 முதல் பட்டியலிடப்பட்ட பங்குகளின் குறுகிய கால மூலதன ஆதாயத்துக்கான வரி விகிதம் 15 சதவீதத்திலிருந்து 20 ஆகவும், நீண்ட கால ஆதாயத்துக்கானது 10இலிருந்து 12.5 ஆகவும் உயர்ந்தன. ஆகவே விற்பனை அந்தத் தேதிக்கு முன்னா பின்னா என்பதைப் பொறுத்து வரி மாறும். தேதியைப் பிரிக்காமல் மொத்தமாக எழுதிய கணக்குகளை மறுபடி பார்ப்பது நல்லது.

ஏஐஎஸ்ஸில் இருப்பது அனைத்தும் உண்மை என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. இருவர் பெயரில் உள்ள வைப்புத்தொகையின் வட்டி முழுவதும் ஒருவர் பான் எண்ணில் வந்திருக்கலாம். ஒரே பரிவர்த்தனை இருமுறை பதிவாகியிருக்கலாம். ஃபண்ட் விற்பனையில் ஆதாயத்துக்குப் பதிலாக விற்ற தொகை முழுவதும் தெரியலாம். இத்தகைய இடங்களில் கணக்கைத் திருத்தத் தேவையில்லை. ஏஐஎஸ்ஸிலேயே அந்தந்தப் பதிவுக்கு எதிரே கருத்துத் தெரிவிக்கும் வசதி இருக்கிறது. அதில் தகவல் தவறு என்றோ, இன்னொருவருக்கு உரியது என்றோ பதிவு செய்துவிட்டு, அதற்கான ஆவணத்தைக் கையில் வைத்திருந்தால் போதும்.

திருத்திய கணக்கே தேவைப்படாத பிழைகளும் உண்டு. ரீஃபண்டுக்குக் கொடுத்த வங்கிக் கணக்கு மூடப்பட்டுவிட்டால், புதிய கணக்கைப் போர்ட்டலில் சேர்த்து முன்சரிபார்ப்பு செய்துவிட்டு, ரீஃபண்ட் திரும்பிப் போன பிறகு மறுவழங்கல் கோரிக்கை கொடுக்கலாம். முகவரி, கைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றைச் சுயவிவரப் பகுதியில் மாற்றினால் போதும்.

இன்னும் சரிபார்க்காத கணக்கு

கணக்கைப் பதிவேற்றியதோடு தாக்கல் முடிந்துவிடாது. 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி, நெட் பேங்கிங், வங்கி அல்லது டிமேட் கணக்கு வழியாக வரும் குறியீடு ஆகியவற்றில் ஒன்றால் மின்சரிபார்ப்பு செய்ய வேண்டும். இல்லையென்றால் ஐடிஆர்-வி என்ற ஒப்புகைத் தாளில் கையெழுத்திட்டுப் பெங்களூரில் உள்ள மத்தியப் பரிசீலனை மையத்துக்கு அஞ்சலில் அனுப்ப வேண்டும். சரிபார்ப்பதற்கு முன்பே பிழை கண்ணில் பட்டுவிட்டால், 2023-24 மதிப்பீட்டு ஆண்டு முதல், அந்தக் கணக்கையே கைவிடும் வசதியைப் போர்ட்டல் தருகிறது. கைவிட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைத் தாக்கல் செய்யலாம். அது திருத்திய கணக்காக அல்ல, முதற்கணக்காகவே கருதப்படும்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. கைவிட்ட கணக்கை மீட்க முடியாது. தாக்கலுக்கான கடைசித் தேதி கடந்த பிறகு கைவிட்டால், புதிதாகத் தாக்கல் செய்வது காலம் கடந்த கணக்காகிவிடும். 234எஃப் பிரிவின் தாமதக் கட்டணம் 5,000 ரூபாயும், மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் 1,000 ரூபாயும் கட்ட நேரும். கழிவுகள் அதிகமுள்ள பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும், மூலதன நஷ்டத்தை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுசெல்லும் உரிமையும் போய்விடும். ஆகவே கெடு முடிந்தவர்கள் இருக்கும் கணக்கைச் சரிபார்த்துவிட்டு, பிறகு திருத்திய கணக்குப் போடுவதே பாதுகாப்பானது.

திருத்திய கணக்கு: 139(5)

பெரும்பாலான பிழைகளுக்கு உரிய வழி இதுவே. முதற்கணக்கில் ஏதேனும் விடுபட்டிருப்பதையோ தவறாகச் சொல்லப்பட்டிருப்பதையோ கண்டவர் திருத்திய கணக்கைத் தாக்கல் செய்யலாம் என்கிறது 139(5). மதிப்பீட்டு ஆண்டின் டிசம்பர் 31, அல்லது துறையின் மதிப்பீடு முடிவடையும் நாள், இரண்டில் எது முந்தியதோ அதுவே கெடு. 2025-26 மதிப்பீட்டு ஆண்டில், முதற்கணக்குக்கான தேதி ஜூலை 31இலிருந்து 2025 செப்டம்பர் 16 வரை தள்ளிப்போனபோதும் திருத்துவதற்கான கெடு டிசம்பர் 31ஆகவே இருந்தது. 2026 பட்ஜெட்டில், கட்டணம் செலுத்தி மார்ச் 31 வரை திருத்த அனுமதிக்கலாம் என்ற அறிவிப்பு வந்தது. கெடுக்கள் இப்படிப் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறக்கூடியவை என்பதால், உங்கள் ஆண்டுக்கு உரிய தேதியைப் போர்ட்டலில் பார்த்துக்கொள்வது அவசியம்.

இதைப் பற்றி நிலவும் சில தயக்கங்களை இங்கேயே தீர்த்துவிடலாம். ரீஃபண்ட் வந்துவிட்ட பிறகும் திருத்தலாம். 143(1) பிரிவின் கீழ் பரிசீலனை முடிந்து அதன் முடிவைச் சொல்லும் இன்டிமேஷன் என்ற அறிவிப்பு வந்த பிறகும் திருத்தலாம், ஏனெனில் அந்த இன்டிமேஷன் மதிப்பீட்டு உத்தரவு ஆகாது. காலம் கடந்து தாக்கல் செய்த கணக்கையும் திருத்தலாம். கெடுவுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம். ஆனால் மீண்டும் மீண்டும் ரீஃபண்டை உயர்த்திக்கொண்டே போகும் கணக்குகள் துறையின் கவனத்தை ஈர்க்கும் என்பதில் ஆச்சரியமில்லை. தவறான படிவத்தில் தாக்கல் செய்திருந்தால் திருத்தும்போது படிவத்தையும் மாற்றிக்கொள்ளலாம். குறுகிய கால மூலதன ஆதாயமோ வெளிநாட்டுச் சொத்தோ இருந்தும் எளிய படிவமான ஐடிஆர்-1 போட்டவர்கள் ஐடிஆர்-2க்கு மாற வேண்டும்.

திருத்திய கணக்கு என்பது பிழையை மட்டும் சுட்டும் இணைப்புத் தாள் அல்ல, பழைய கணக்கை முழுவதும் நீக்கிவிட்டு அதன் இடத்தில் அமரும் புதிய கணக்கு. சரியாக இருந்த விவரங்களையும் மறுபடி முழுமையாக நிரப்ப வேண்டும். முதல் முறை கைப்பட எழுதிச் சேர்த்த வாடகை வருமானம், 80சி முதலீடு, நீங்களே கணக்கிட்டு ஏற்கெனவே கட்டிய சுயமதிப்பீட்டு வரியின் சலான் (வரி கட்டியதற்கான சீட்டு) விவரம் முதலியவை இரண்டாம் முறை படிவம் திறக்கும்போது தாமாக வந்து நிற்கும் என்று நம்பிவிடக் கூடாது. ஒரு பிழையைத் திருத்தப் போய் இன்னொன்றை உண்டாக்கிக்கொள்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். முதற்கணக்கின் நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புவது இதற்காகத்தான்.

போர்ட்டலில் பான் எண்ணைக் கொண்டு உள்நுழைந்து, இ-ஃபைல் பட்டியலில் வருமான வரிக் கணக்கு தாக்கல் என்ற இடத்துக்குச் சென்று, மதிப்பீட்டு ஆண்டையும் படிவத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். தனிப்பட்ட விவரங்கள் பகுதியில் எந்தப் பிரிவின் கீழ் தாக்கல் செய்கிறீர்கள் என்ற கேள்வி வரும். அங்கே 139(5)ஐத் தேர்ந்தெடுத்து, முதற்கணக்கின் 15 இலக்க ஒப்புகை எண்ணையும் அது தாக்கலான தேதியையும் கொடுக்க வேண்டும். பிறகு வருமானம், கழிவு, வருமானம் தருபவரே பிடித்துக் கட்டிய வரியான டிடிஎஸ், நீங்கள் கட்டிய வரி என ஒவ்வோர் அட்டவணையாக நிரப்பி, இறுதியில் வரும் கணக்கீட்டைப் பார்க்க வேண்டும். கூடுதல் வரி காட்டினால், தாக்கல் செய்வதற்கு முன்பே இ-பே டாக்ஸ் வழியாகச் சுயமதிப்பீட்டு வரி என்ற துணைத் தலைப்பில், அதாவது 300 என்ற எண்ணில், கட்டிவிட்டு, சலானில் உள்ள, வங்கிக் கிளையைக் குறிக்கும் பிஎஸ்ஆர் குறியீடு, தேதி, வரிசை எண் ஆகியவற்றைப் படிவத்தில் சேர்க்க வேண்டும். பிறகு தாக்கல் செய்து, முதல் முறை செய்ததைப் போலவே 30 நாளுக்குள் மின்சரிபார்ப்பு முடிக்க வேண்டும். இக்கடைசிப் படியை மறந்துவிட்டால் பழைய கணக்கே நிலைத்திருக்கும்; செய்த வேலையெல்லாம் வீண்.

வரிமுறைத் தேர்வு மட்டும் தனியாகப் பேச வேண்டிய விஷயம். 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் புதிய வரிமுறையே இயல்பானது. பழைய முறை வேண்டும் என்பவர், தொழில் வருமானம் இல்லாதவராக இருந்தால், உரிய தேதிக்குள் தாக்கல் செய்யும் கணக்கிலேயே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தொழில் வருமானம் உள்ளவர் அதே கெடுவுக்குள் படிவம் 10-ஐஇஏவையும் கொடுத்திருக்க வேண்டும். ஆகவே புதிய முறையில் தாக்கல் செய்துவிட்டு, பழைய முறையில் வரி குறைந்திருக்குமே என்று நவம்பரில் கணக்குப் பார்ப்பவர்கள் திருத்திய கணக்கை நம்பியிருக்க முடியாது. இரண்டு முறையிலும் கணக்கிட்டுப் பார்க்கும் வேலையைக் கடைசித் தேதிக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

வெளிநாட்டு நிறுவனத்தில் வேலை செய்து அதன் பங்குகளைப் பெற்றவர்கள், வெளிநாட்டு வங்கிக் கணக்கை மூடாமல் தாயகம் திரும்பியவர்கள் ஆகியோருக்கு இந்தக் கெடு மற்றவர்களைவிட முக்கியமானது. இந்தியாவில் வசிப்பவராகவும் சாதாரண வசிப்பாளராகவும் உள்ள ஒருவர் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்பாமல் விட்டால், அச்சொத்திலிருந்து ஒரு ரூபாய் வருமானம் வராவிட்டாலும், 2015ஆம் ஆண்டின் கருப்புப் பணச் சட்டத்தின் கீழ் 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க இடமுண்டு. 2024 அக்டோபர் முதல், அசையாச் சொத்து அல்லாதவற்றின் மொத்த மதிப்பு 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால் இந்த அபராதம் இல்லை என்ற தளர்வு வந்திருக்கிறது. ஆனால் அட்டவணையை நிரப்பும் கடமை அப்படியே இருக்கிறது. இங்கே நிதியாண்டு அல்லாமல் நாட்காட்டி ஆண்டே கணக்கு. 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கு 2024 டிசம்பர் 31இல் முடிந்த ஆண்டின் விவரங்களைத் தர வேண்டும்.

துறையே முதலில் எழுதினால்

சில நேரங்களில் பிழையை நீங்கள் கண்டுபிடிக்கும் முன் துறை கண்டுபிடித்துவிடும். 139(9) பிரிவின் கீழ் உங்கள் கணக்கு குறைபாடுள்ளது என்று அறிவிப்பு வந்தால், 15 நாளுக்குள் இ-புரொசீடிங்ஸ் பகுதியில் பதில் கொடுத்து, திருத்தப்பட்ட படிவத்தை அதே இடத்தில் பதிவேற்ற வேண்டும். அவகாசம் கேட்கலாம், பதிலே கொடுக்காமல் விட்டால் கணக்கே தாக்கல் செய்யப்படவில்லை என்று கருதப்படும் அளவுக்குப் போகும். டிடிஎஸ்ஸை முழுவதும் கோரிவிட்டு, அந்த டிடிஎஸ்ஸுக்கு உரிய வருமானத்தைக் காட்டாமல் விடுவது இந்த அறிவிப்புக்குப் பரவலான காரணம்.

143(1)(ஏ) பிரிவின் கீழ் வரும் கடிதம் வேறு வகையானது. உங்கள் கணக்கில் இன்ன மாற்றத்தைச் செய்யப்போகிறோம் என்று அது முன்கூட்டியே தெரிவிக்கிறது. 30 நாளுக்குள் ஒப்புக்கொள்கிறேன் என்றோ மறுக்கிறேன் என்றோ பதில் தர வேண்டும். துறை சொல்வது சரி என்றால், ஒப்புக்கொள்வதோடு, கெடு மிச்சமிருந்தால் திருத்திய கணக்கையும் போட்டுவிடுவது நல்லது. மறுப்பதாக இருந்தால் ஒவ்வொரு இனத்துக்கும் காரணத்தைத் தனித்தனியாக எழுத வேண்டும். பதில் எதுவும் வராவிட்டால் துறை தான் சொன்னபடியே மாற்றிக் கணக்கை முடித்துவிடும்.

இன்டிமேஷன் வந்த பிறகு: 154

கணக்கைப் பரிசீலித்து இன்டிமேஷன் அனுப்புவதற்கு, கணக்குத் தாக்கலான நிதியாண்டின் முடிவிலிருந்து 9 மாதம் வரை துறைக்கு அவகாசம் உண்டு. இன்டிமேஷனில் நீங்கள் கொடுத்த எண்ணும் துறை எடுத்துக்கொண்ட எண்ணும் அருகருகே இரண்டு நிரல்களில் இருக்கும். எந்த இனத்தில் வேறுபாடு தொடங்குகிறது என்பதைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. நீங்கள் சரியாகக் கொடுத்தும் துறை டிடிஎஸ்ஸையோ சலானையோ எடுத்துக்கொள்ளாமல் விட்டிருந்தால், வட்டியைத் தவறாகக் கணக்கிட்டிருந்தால், கூட்டலில் பிழை இருந்தால், அதற்குரியது 154ஆம் பிரிவு.

பதிவேடுகளைப் பார்த்த மாத்திரத்தில் வெளிப்படையாகத் தெரியும் தவறுகளுக்கு மட்டுமே இப்பிரிவு பயன்படும். வாதாடி நிறுவ வேண்டிய விஷயங்களுக்கோ, முதலில் கோராத புதிய கழிவைக் கோருவதற்கோ இது வழியல்ல. கணக்கில் இல்லாத கழிவை மதிப்பீட்டு அதிகாரிக்குக் கடிதம் எழுதிப் பெற்றுவிடலாம் என்ற எண்ணத்துக்கும் கோயட்ஸ் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் அளித்த தீர்ப்பு இடம் கொடுக்கவில்லை. அத்தகைய கோரிக்கை திருத்திய கணக்கின் மூலமே வர வேண்டும் என்றது அத்தீர்ப்பு. மேல்முறையீட்டு அமைப்புகளுக்கு இந்தத் தடை இல்லை என்பது அதிலேயே சொல்லப்பட்டிருக்கிறது.

போர்ட்டலில் சேவைகள் பகுதியில் ரெக்டிஃபிகேஷன் என்ற இடத்தில் மதிப்பீட்டு ஆண்டைத் தேர்ந்தெடுத்தால் சில வகைகள் காட்டப்படும். உங்கள் எண்கள் சரியாகவே இருக்கின்றன, துறைதான் மறுபடி பார்க்க வேண்டும் என்றால் கணக்கை மீண்டும் பரிசீலிக்கக் கோரும் வகை. டிடிஎஸ், முன்கூட்டிய வரி, சுயமதிப்பீட்டு வரி ஆகியவற்றின் விவரம் பொருந்தவில்லை என்றால் வரி வரவுத் திருத்தம். படிவத்தில் விவரத்தைத் தவறான கட்டத்தில் எழுதியிருந்தால் கணக்கு விவரத் திருத்தம். வகையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் அதே பழைய விடையே திரும்பி வரும். முந்தைய மனு முடியும் வரை இன்னொன்றைப் போட இயலாது என்பதால் இதில் நிதானம் தேவை. உத்தரவு வந்த நிதியாண்டின் முடிவிலிருந்து 4 ஆண்டு வரை மனுச் செய்யலாம்; மனு கிடைத்த மாதத்தின் முடிவிலிருந்து 6 மாதத்துக்குள் துறை முடிவெடுக்க வேண்டும்.

இன்டிமேஷனில் டிமாண்ட், அதாவது கூடுதல் வரி கட்டச் சொல்லும் கோரிக்கை, வந்திருந்தால், அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் கட்டாத தொகைக்கு மாதம் 1 சதவீத வட்டி ஓடத் தொடங்கும். திருத்த மனுப் போட்டிருப்பது மட்டும் அதைத் தானாக நிறுத்தாது. நிலுவை டிமாண்டுக்குப் பதில் தரும் பகுதியில் உடன்பாடில்லை என்று காரணத்தோடும் மனுவின் எண்ணோடும் பதிவு செய்ய வேண்டும். உண்மையிலேயே கட்ட வேண்டிய தொகை என்றால் 400 என்ற துணைத் தலைப்பில் கட்ட வேண்டும், 300இல் அல்ல.

பிழை உங்கள் பக்கம் இல்லாதபோது

நிறுவனமோ வங்கியோ வரியைப் பிடித்துவிட்டு உங்கள் பான் எண்ணைத் தவறாக எழுதியிருந்தால், அந்த வரி படிவம் 26ஏஎஸ்ஸில் வரவே வராது. நீங்கள் எத்தனை முறை கணக்கைத் திருத்தினாலும், 154இல் எத்தனை மனுப் போட்டாலும் பயன் இருக்காது. பிடித்தவர்தான் தம் காலாண்டு டிடிஎஸ் அறிக்கையைத் திருத்தித் தாக்கல் செய்ய வேண்டும். அவருக்கு எழுத்து மூலம் கோரிக்கை அனுப்பி, 26ஏஎஸ்ஸில் தொகை வந்ததைப் பார்த்த பிறகே மறுபரிசீலனை கோருவது முறை. சம்பளத்திலிருந்து வரி பிடிக்கப்பட்டதற்கான ஊதியச் சீட்டுகளை அதுவரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

வரி கட்டும்போது சலானில் மதிப்பீட்டு ஆண்டையோ தலைப்பையோ நீங்களே தவறாகத் தேர்ந்தெடுத்திருந்தால், போர்ட்டலிலேயே சலான் திருத்த வசதி இருக்கிறது. ஆண்டை மாற்ற 7 நாளும், தலைப்பையும் துணைத் தலைப்பையும் மாற்ற 30 நாளும் தரப்படுகின்றன. அதைத் தவறவிட்டால் உங்கள் எல்லைக்குரிய மதிப்பீட்டு அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பீட்டு ஆண்டு நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு என்பதை மறந்து, நிதியாண்டையே தேர்ந்தெடுத்துவிடுவது இங்கே மிகவும் பரவலான தவறு.

கெடு முடிந்த பிறகு கூடுதல் வருமானத்தைக் காட்டுதல்: ஐடிஆர்-யு

திருத்தும் கெடு முடிந்த பிறகு விடுபட்ட வருமானம் தெரியவந்தால், 139(8ஏ) பிரிவின் கீழ் மேம்படுத்திய கணக்கை, அதாவது ஐடிஆர்-யுவை, தாக்கல் செய்யலாம். 2022இல் வந்த இந்த வழிக்கு முதலில் மதிப்பீட்டு ஆண்டின் முடிவிலிருந்து 24 மாதம் தரப்பட்டிருந்தது. 2025 ஏப்ரல் முதல் அது 48 மாதமாக நீண்டது. 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கு 2030 மார்ச் 31 வரை இதைப் பயன்படுத்தலாம்.

இதற்கு விலை உண்டு. விடுபட்ட வருமானத்தின் வரியோடும் வட்டியோடும், அவ்விரண்டின் கூட்டுத்தொகையில் ஒரு பங்கைக் கூடுதல் வரியாகக் கட்ட வேண்டும். முதல் 12 மாதத்துக்குள் 25 சதவீதம், 24க்குள் 50, 36க்குள் 60, 48க்குள் 70. புதிய வரிமுறையில் கழிவுக்குப் பின் 13 லட்சம் ரூபாய் வருமானம் காட்டிய ஒருவர், 80,000 ரூபாய் வைப்புத்தொகை வட்டியையும் அதில் வங்கி பிடித்த 8,000 ரூபாயையும் விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீத வரியும் 4 சதவீத மேல்வரியும் (செஸ்) சேர்ந்து 16,640 ரூபாய். வங்கி பிடித்தது போக 8,640. பிடித்தம் போக மீதி வரி 10,000 ரூபாய்க்குக் கீழே இருப்பதால் முன்கூட்டிய வரி கட்டாததற்கான வட்டியும் இல்லை. டிசம்பர் 31க்குள் திருத்தியிருந்தால் அந்த 8,640 ரூபாயோடு முடிந்திருக்கும். அடுத்த ஆண்டில் ஐடிஆர்-யு போட்டால் 10,800 ஆகும். நான்காம் ஆண்டு வரை தள்ளிப்போட்டால் 14,688 ஆகும். ஆனாலும், துறையே கண்டுபிடித்தால் குறைத்துக் காட்டிய வருமானத்தின் வரியில் 50 சதவீதமும், வேண்டுமென்றே தவறாகக் காட்டியிருந்தால் 200 சதவீதமும் 270ஏ பிரிவில் அபராதம் வரக்கூடும் என்பதை நினைத்தால், முதல் ஆண்டிலேயே கட்டிவிடுவது எவ்வளவோ மேல்.

ஐடிஆர்-யுவை ஒரு மதிப்பீட்டு ஆண்டுக்கு ஒரே ஒரு முறைதான் தாக்கல் செய்ய முடியும் என்பதால், ஏஐஎஸ்ஸில் உள்ள எல்லாப் பதிவுகளையும் பார்த்து முடித்த பிறகே அனுப்ப வேண்டும். வரி முழுவதையும் முன்னதாகவே கட்டியிருக்க வேண்டும். வரியைக் குறைக்கவோ, ரீஃபண்ட் கேட்கவோ, ரீஃபண்டை உயர்த்தவோ, நஷ்டம் காட்டவோ இதைப் பயன்படுத்த முடியாது. அந்த ஆண்டுக்கு மதிப்பீடு நடந்துகொண்டிருந்தாலும் முடிந்துவிட்டிருந்தாலும் இந்த வழி அடைபடும். வருமான வரிச் சோதனைக்கு (ரெய்டுக்கு) உள்ளானவர்களுக்கும் அப்படியே.

கெடு முடிந்த பிறகு கூடுதல் ரீஃபண்ட் கேட்டல்

அதிகமாக வரி கட்டிவிட்டதைக் கெடு முடிந்த பிறகு உணர்ந்தவர்களுக்கு ஐடிஆர்-யு உதவாது. அவர்களுக்கு எஞ்சியிருப்பது 119(2)(பி) பிரிவின் கீழ் தாமதத்தைப் பொறுத்தருளக் கோரும் மனு. மத்திய நேரடி வரிகள் வாரியம் 2024 அக்டோபர் 1இல் வெளியிட்ட 11/2024 சுற்றறிக்கையின்படி, மதிப்பீட்டு ஆண்டின் முடிவிலிருந்து 5 ஆண்டுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். கோரும் தொகை 1 கோடி ரூபாய் வரை என்றால் முதன்மை ஆணையர் முடிவெடுப்பார். 3 கோடி வரை தலைமை ஆணையர். அதற்கு மேல் முதன்மைத் தலைமை ஆணையர். தனிநபர்கள் பெரும்பாலோருக்கு முதல் நிலையே போதுமானது.

மனுவில் தாமதத்துக்கான உண்மையான காரணத்தையும், மறுத்தால் உங்களுக்கு நேரும் இடரையும் ஆவணங்களோடு விளக்க வேண்டும். மருத்துவமனைச் சேர்க்கை, குடும்பத்தில் மரணம், வரி பிடித்தவர் படிவம் 16ஏவைத் தாமதமாகக் கொடுத்தது போன்றவற்றுக்குத் தேதியுள்ள சான்று இருந்தால் மனு வலுப்பெறும். தெரியாமல் விட்டுவிட்டேன் என்ற ஒற்றை வரி எங்கும் எடுபடுவதில்லை. மதிப்பீடு முடிந்த ஆண்டுக்கே கூடுதல் ரீஃபண்ட் கேட்பதானால், அது அதிகமாகப் பிடிக்கப்பட்ட டிடிஎஸ், அதிகமாகக் கட்டிய முன்கூட்டிய வரி அல்லது சுயமதிப்பீட்டு வரி ஆகியவற்றிலிருந்து எழுந்ததாக இருக்க வேண்டும். இவ்வாறு தாமதமாகக் கோரும் ரீஃபண்டுக்கு வட்டி கிடையாது. மனு ஏற்கப்பட்டால், அந்த உத்தரவின் விவரத்தைக் கொடுத்து, தாக்கல் பிரிவாக 119(2)(பி)ஐத் தேர்ந்தெடுத்து, கணக்கைப் போர்ட்டலில் புதிதாகத் தாக்கல் செய்ய வேண்டும். மனு கிடைத்த மாதத்தின் முடிவிலிருந்து இயன்றவரை 6 மாதத்துக்குள் முடிவெடுக்குமாறு அதிகாரிகளுக்கு அதே சுற்றறிக்கை அறிவுறுத்துகிறது. அந்தக் காலம் கடந்தும் பதில் வராவிட்டால் மனுவின் எண்ணைக் குறிப்பிட்டுப் போர்ட்டலின் குறைதீர்ப்புப் பகுதியில் எழுதலாம்.